ககாரின் வழக்கில் யாரும் விசாரிக்காத விமானம்

யூரி ககாரின் எப்படி இறந்தார் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் ஏழெட்டு பதில் கிடைக்கும். குடித்துவிட்டு ஓட்டினார். மேலிடத்துக்குப் பிடிக்காமல் ஆளை முடித்துவிட்டார்கள். பறக்கும் தட்டு குறுக்கே வந்தது. அவர் சாகவே இல்லை, எங்கோ ஒரு மனநல மருத்துவமனையில் ஒளித்து வைத்திருந்தார்கள். கொஞ்சம் பொறுப்பாக எழுதும் இடங்களுக்குப் போனால் வானிலை பலூன், இன்னொரு போர் விமானம், மூட மறந்த காற்று வால்வு என்று பட்டியல் மாறும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவர் எந்த விமானத்தில் போனார் என்பதை அரை வரியில் முடித்துவிடுவார்கள். 'மிக்-15 போர் விமானம்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அது மிக்-15 கூட இல்லை. மிக்-15 யூடிஐ. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். கொரியப் போரில் பேர் வாங்கிய அந்தப் போர் விமானத்தின் வயிற்றில் இன்னொரு இருக்கையைச் செருகிச் செய்தது.

'இதில் என்ன பெரிய வித்தியாசம்?' என்று கேட்கலாம். என் வாதமே அந்த வித்தியாசம்தான். 1968 மார்ச் 27 காலையில் நடந்ததை ஒரு கொலைக்கதை மாதிரி 'யார் செய்தது?' என்று படிக்கும்போது, கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும் பதிலைத் தாண்டிப் போகிறோம். அந்தச் சாவை ஒரு பயிற்சி விமானத்தின் வரலாற்றில் ஒரு அத்தியாயமாகப் படித்தால் மர்மம் குறையும், வருத்தம் கூடும்.

முதலில் அந்த விமானத்தைப் பார்ப்போம்.

ஒரு இருக்கை கூட்டினால் பயிற்சி விமானமா?

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு சோவியத் யூனியனுக்கு ஒரு சிக்கல். இறக்கையைப் பின்னுக்குச் சாய்த்து வடிவமைத்தால் வேகம் வரும் என்று ஜெர்மானிய ஆய்வுகளிலிருந்து தெரிந்துவிட்டது. அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கும் நல்ல ஜெட் எஞ்சின் கையில் இல்லை. அந்த நேரத்தில் பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சினை அவர்களுக்கு விற்றது. ஸ்டாலினே இதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்வார்கள். வாங்கியதைப் பிரித்துப் பார்த்து, உரிமம் எதுவும் இல்லாமல் ஆர்டி-45 என்ற பெயரில் தாங்களே செய்துகொண்டார்கள். அதை வைத்து உருவான மிக்-15, 1947 டிசம்பர் 30 அன்று முதலில் பறந்தது.

விமானம் வந்துவிட்டது. ஓட்ட ஆள்? அதுவரை புரொப்பெல்லர் விமானம் ஓட்டிய ஆயிரக்கணக்கான விமானிகள் இதில் ஏறியாக வேண்டும். ஒற்றை இருக்கை விமானத்தில் யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தர முடியாது. முதல் தடவையே தனியாகத்தான் ஏற வேண்டும். ஆகவே 1949-லேயே இரண்டு இருக்கை கொண்ட வடிவம் பறந்தது. யூடிஐ என்பது 'பயிற்சிக்கான போர் விமானம்' என்று பொருள்படும் ரஷ்யச் சொற்களின் சுருக்கம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது பாருங்க: போர் விமானம்தான், பயிற்சிக்கானது. பயிற்சிக்கென்றே பிறந்தது இல்லை.

இதே காலத்தில் அமெரிக்கர்களும் இதையேதான் செய்தார்கள். லாக்ஹீட் நிறுவனம் தன் பி-80 போர் விமானத்தை எடுத்து, உடலைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீட்டி, இரண்டாவது இருக்கை வைத்து டி-33 என்ற பயிற்சி விமானம் செய்தது. அது 1948 மார்ச்சில் பறந்தது. சோவியத்காரர்கள் உடலை நீட்டவில்லை. அதே நீளம்தான். இரண்டாவது காக்பிட்டுக்கு இடம் எங்கிருந்து வந்தது? எரிபொருள் டாங்க் இருந்த இடத்திலிருந்து. பின்னால் வாத்தியார் உட்கார இடம் வந்தது, எரிபொருள் குறைந்தது.

இந்த ஒரு முடிவிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலாவது, எரிபொருள் குறைந்ததால் இறக்கைக்கு அடியில் தொங்கும் டாங்க்குகள் தேவைப்பட்டன. பக்கத்துக்கு 260 லிட்டர். டாங்க் தொங்கும்போது விமானம் பழைய விமானம் இல்லை. திருப்பங்களில் எவ்வளவு கடுமையாக இழுக்கலாம் என்பதற்கு வரம்பு குறையும். கட்டுப்பாடு இழக்கும் எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

இரண்டாவது, இரண்டு இருக்கையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. பின்னால் இருக்கும் பயிற்றுநருக்கு முன்பக்கம் சரியாகத் தெரியாது. மாணவரின் தலையும் இருக்கையும்தான் தெரியும். எதிரில் ஏதாவது வந்தால் முதலில் பார்க்க வாய்ப்பிருப்பவர் மாணவர்தான், அனுபவசாலி இல்லை.

மூன்றாவது, ஆபத்தில் வெளியே குதிப்பதற்கு ஒரு வரிசை இருந்தது. பின்னால் இருப்பவர் முதலில், முன்னால் இருப்பவர் அடுத்து. காகிதத்தில் பார்த்தால் சின்ன விஷயம். நிஜத்தில் இதன் பொருள், வாத்தியார் மாணவரை விட்டுவிட்டு முதலில் போக வேண்டும் என்பது.

நல்ல பயிற்சி விமானம் என்றால் என்ன? மாணவர் தப்புச் செய்தால் மன்னிக்கும் விமானம். மெதுவாக எச்சரித்து, திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும் விமானம். மிக்-15 அப்படிப்பட்டது இல்லை. வேகம் கூடினால் ஒரு பக்க இறக்கை தானாகச் சரியும் பழக்கம் அதற்கு இருந்தது. ஒலியின் வேகத்தில் 0.92 பங்கை எட்டினால் வேகத்தடைப் பலகைகள் தானாகவே விரிந்துவிடும், அதற்கு மேல் போக விடக்கூடாது என்று. போர் விமானிக்கு இதெல்லாம் பழகிப்போகும். ஆனால் அந்தப் பழக்கத்தைக் கொடுக்க வேண்டிய வகுப்பறையும் அதே விமானம்தான் என்பதுதான் பிரச்சனை.

'ஓடுதே, எதுக்கு மாத்தணும்?'

1949-ல் இது சரியான முடிவு என்றே நான் சொல்வேன். அவசரம். நூற்றுக்கணக்கில் விமானிகள் காத்திருக்கிறார்கள். கையில் இருப்பதை வைத்துச் செய்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். என் விமர்சனம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

மிக்-15-க்குப் பிறகு மிக்-17 வந்தது. அதன் பிறகு ஒலியை மிஞ்சும் மிக்-19 வந்தது. இந்த இரண்டுக்கும் சோவியத் யூனியன் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவத்தை உற்பத்தி செய்யவே இல்லை. யூடிஐ இருக்கிறதே, அதிலேயே பழகிவிட்டு இதில் ஏறட்டும் என்று விட்டுவிட்டார்கள். சோவியத் தொழிற்சாலைகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல் யூடிஐ செய்யப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவிலும் பெரிய எண்ணிக்கையில் செய்தார்கள். அவ்வளவு கையிருப்பு இருக்கும்போது புதிதாக ஒன்றை யார் கேட்பார்கள்?

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகவே தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவசரத்துக்கு எழுதின ஒரு தற்காலிக நிரல். இன்னும் ஓடுகிறது. ஓடுவதாலேயே யாரும் தொடமாட்டார்கள். அதன் மேல் இன்னும் நாலு அமைப்புகளைக் கட்டிவிடுவார்கள். அது விழும்போது, விழுந்த அன்றைக்கு யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்றுதான் முதல் கேள்வி வரும்.

இதற்கு வேறு வழியே இல்லாமல் இல்லை. சீனர்கள் மிக்-17-இன் தங்கள் வடிவத்துக்கு இரண்டாவது இருக்கை வைத்து ஜேஜே-5 என்ற பயிற்சி விமானத்தை 1966-ல் பறக்கவிட்டார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஏரோ நிறுவனம் எல்-29 டெல்ஃபின் என்று, பயிற்சிக்கென்றே நேரான இறக்கை வைத்த, சாதுவான ஒரு ஜெட் விமானத்தைச் செய்தது. 1961-ல் வார்சா ஒப்பந்த நாடுகள் அதையே பொதுப் பயிற்சி விமானமாகத் தேர்ந்தெடுத்தன. போலந்து மட்டும் தன் சொந்த இஸ்க்ராவோடு நின்றது. பயிற்சி விமானத்தின் குணம் வேறு என்று சோவியத் விமானப்படைக்குத் தெரியாமல் இல்லை. ஆரம்பப் பயிற்சிக்கு எல்-29 வந்தது. போர் விமானத்துக்கு மாறும் கட்டத்தில் மட்டும் பழைய யூடிஐயே நீடித்தது.

அது எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி. 1971-ல் ஜேவிபி கிளர்ச்சியின்போது சோவியத் யூனியன் இலங்கைக்கு மிக்-17 விமானங்களைக் கொடுத்தது. கூடவே பழகுவதற்கு என்ன கொடுத்தது? ஒரு மிக்-15 யூடிஐ. ககாரின் இறந்து மூன்று வருஷம் ஆன பிறகும் மிக்-17 ஓட்டக் கற்றுக்கொள்ள அதுதான் வழி.

அந்தக் காலை

இப்போது 1968-க்கு வருவோம்.

ககாரின் அப்போது 34 வயதுக்காரர். 1961-ல் விண்வெளிக்குப் போய்வந்த பிறகு அவர் நாட்டின் சொத்து. உலகம் பூராவும் கூட்டம் கூட்டமாகக் கைகுலுக்கவே நேரம் போனது. விமானம் ஓட்டிய நேரம் மிகவும் குறைவு. 1967 ஏப்ரலில் சோயுஸ்-1 விபத்தில் நண்பர் விளாதிமிர் கொமரோவ் இறந்தார். அந்தப் பயணத்துக்கு மாற்று ஆள் ககாரின்தான். அதற்குப் பிறகு அவரைப் பறக்க விடவே மேலே தயங்கினார்கள். 1968 பிப்ரவரியில் ஜுகோவ்ஸ்கி அகாடமியில் பட்டப்படிப்பை முடித்தார். அவருடைய ஆய்வுத் தலைப்பு இறக்கை வைத்த, மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய விண்கலம். படிப்பு முடிந்த கையோடு, மறுபடி முழுமையான விமானி ஆக வேண்டும் என்று மார்ச்சில் பயிற்சியைத் தொடங்கினார்.

மார்ச் 27 அன்று அவர் தனியாகப் பறக்க வேண்டியது மிக்-17-ல். அதற்கு முன்னால் ஒரு பரிசோதனைப் பயணம் போய் வர வேண்டும். மிக்-17-க்கு இரட்டை இருக்கை வடிவம் கிடையாது. ஆகவே யூடிஐ. பின் இருக்கையில் பயிற்சி ரெஜிமெண்டின் தளபதி விளாதிமிர் செரியோகின். போரில் இல்-2 தாக்குதல் விமானம் ஓட்டி 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் வாங்கியவர். அவர்கள் ஏறிய விமானம் 1956-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. இறக்கைக்கு அடியில் அந்த 260 லிட்டர் டாங்க்குகள்.

மாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ச்கலோவ்ஸ்கி தளத்திலிருந்து காலை 10.18 வாக்கில் கிளம்பினார்கள். வானத்தில் இரண்டு அடுக்கு மேகம். 10.30-க்கு ககாரின் வானொலியில் பேசினார். வேலை முடிந்தது, திரும்புகிறேன், திசை மாற்ற அனுமதி வேண்டும் என்று. குரலில் பதற்றம் இல்லை. ஒரு நிமிஷத்துக்குள், 10.31-க்கு, கிர்ஷாச் நகருக்குப் பக்கத்தில் நொவொசியோலவோ கிராமத்தை ஒட்டிய காட்டில் விமானம் மோதியது. இருவரும் அங்கேயே இறந்தார்கள். மோதிய நேரத்தைச் சொன்னது நொறுங்கிய கடிகாரம்.

விசாரணைக் குழு சிதறலைப் பொறுக்கி எடுத்து ஆராய்ந்தது. மோதும் வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் பழுது இல்லை. ரத்தத்தில் சாராயம் இல்லை. ஆகவே 'குடித்திருந்தார்' கதையை இத்தோடு விட்டுவிடலாம். இருவரும் கடைசி வரை விமானத்தைத் தூக்கிவிடப் போராடியிருக்கிறார்கள். ககாரினின் பட்டப்படிப்புக்கு வழிகாட்டிய பேராசிரியர் செர்கேய் பெலத்செர்கோவ்ஸ்கி பல வருஷம் கழித்துக் கணக்குப் போட்டுச் சொன்னார்: இன்னும் 250 முதல் 300 மீட்டர் உயரம் இருந்திருந்தால், அதாவது சுமார் 2 விநாடி கிடைத்திருந்தால், மீண்டிருப்பார்கள்.

மூன்று விளக்கங்கள், ஒரே பள்ளம்

பொறுப்பான விளக்கங்கள் மூன்று. மூன்றையும் வரிசையாக எடைபோடுவோம்.

ஒன்று, அதிகாரபூர்வமானது. வானிலை பலூனிலிருந்து, அல்லது மேகத்தின் மேல் விளிம்புக்குள் நுழைவதிலிருந்து, தப்பிக்கக் கடுமையாகத் திருப்பியபோது கட்டுப்பாடு போய்விட்டது என்பது. 1968-ல் எட்டிய இந்த முடிவை 2011-ல்தான் வெளியிட்டார்கள். இதன் பலவீனம், திருப்பியதற்கான காரணம் வெறும் ஊகம் என்பது. மேகத்தைப் பார்த்து ஓர் அனுபவசாலி அவ்வளவு மிரளுவாரா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

இரண்டு, விண்வெளியில் முதலில் நடந்த அலெக்ஸி லியோனவ் சொன்னது. அன்று அவர் அந்தப் பகுதியில் பாராசூட் பயிற்சியில் இருந்தார். இரண்டு சத்தம் கேட்டார், ஒன்று முடிந்து ஓரிரு விநாடியில் அடுத்தது. விதியை மீறித் தாழப் பறந்த ஒரு சுகோய் விமானம் ககாரினின் விமானத்தை உரசாத குறையாகக் கடந்து போனது, அது கிளப்பிய காற்றுச் சுழலில் யூடிஐ கவிழ்ந்தது என்பது அவர் வாதம். 2013-ல் இதை வெளிப்படையாகச் சொன்னார், அந்த விமானியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பின்னாளில் கோப்பைப் பார்த்தபோது தன் வாக்குமூலம் வேறு யாரோ கையெழுத்தில் இருந்தது என்றும், சத்தங்களுக்கு இடையிலான ஓரிரு விநாடி அதில் 15, 20 விநாடியாக மாறியிருந்தது என்றும் சொன்னார். மூன்றில் எனக்கு அதிகம் நம்பத் தோன்றுவது இதுதான். ஆனாலும் ஒரு மனிதரின் காதும் நினைவும் மட்டும் வைத்து ஒரு வழக்கை மூடிவிட முடியாது.

மூன்று, ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி இகோர் குஸ்நெத்சோவ் சொன்னது. காக்பிட்டின் காற்று வால்வு சரியாக மூடாமல் இருந்தது. அதை உணர்ந்து வேகமாகக் கீழே இறங்கியபோது நினைவு தப்பியது. இதில் எனக்கு ஒரு இடறல். நினைவு தப்பியவர்கள் கடைசி நொடிகளில் எப்படி விமானத்தைத் தூக்கப் போராடினார்கள்? கீழே வரும்போது நினைவு திரும்பியது என்று இன்னொரு ஊகம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் சொல்வது ஒரே ஒரு கணத்தைப் பற்றி: விமானம் நேராகப் பறப்பதை நிறுத்திய அந்தக் கணம். அதற்குப் பிறகு நடந்தது மூன்றிலும் ஒன்றுதான். கவிழ்ந்த விமானம் மேகத்துக்குள் விழுகிறது. உள்ளே எதுவும் தெரியாது. இறக்கையில் டாங்க், ஆகவே கட்டுப்பாடு எளிதில் திரும்பாது. மேகத்தின் அடிமட்டம் அவர்களுக்குச் சொல்லப்பட்டதைவிடத் தாழ்வாக இருந்தது. விநாடிக்கு 100 மீட்டருக்கு மேல் இறங்கும் விமானத்துக்கு 500 மீட்டர் என்றால் என்ன? ஐந்து விநாடி கூட இல்லை. தரை தெரிந்ததும் இழுக்கிறார்கள். 2 விநாடி போதவில்லை.

குதித்திருக்கலாமே? அதற்கு நேரமிருந்ததா என்பது ஒரு கேள்வி. நேரமிருந்தாலும் வரிசைப்படி முதலில் போக வேண்டியவர் செரியோகின். முன்னால் உட்கார்ந்திருப்பவர் யூரி ககாரின். அவரை விட்டுவிட்டு முதலில் குதிக்கும் ஒரு தளபதியை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்படியொரு தர்மசங்கடத்தை இயந்திரத்துக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார்கள் என்பது நிச்சயம்.

தரையில் இன்னும் மோசம். உயரம் காட்ட வேண்டிய ரேடார் அன்று வேலை செய்யவில்லை. அதே வானத்தில் வேறு விமானங்களும் பறந்தன. யார் எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்பது அவரவர் சொல்வதை வைத்துத்தான் தெரியும். அதனால்தான் பலூனா சுகோயா என்று இன்றும் சண்டை போடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. கேஜிபி தனியாக ஒரு விசாரணை நடத்தியது. அதன் விவரம் பல வருஷம் கழித்து வெளியே வந்தபோது, சதி எதுவும் இல்லை. பழைய வானிலைத் தகவல் கொடுத்தது, தொங்கும் டாங்க்கோடு அனுப்பியது என்று தளத்தில் இருந்தவர்களின் அசிரத்தைகளைத்தான் அது பட்டியல் போட்டிருந்தது. சதியைத் தேடுவதையே தொழிலாக வைத்திருந்த அமைப்பு சாதாரணக் குறைகளை எழுதி வைத்தது. நாம் அந்தக் குறைகளை விட்டுவிட்டுச் சதியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நியாயமான ஒரு எதிர்வாதம்

விமானம் சரியில்லை என்று நான் ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டால் அதுவும் தப்பு. நான் சொல்வதற்கு எதிரான வலுவான ஆதாரம் அமெரிக்காவில் இருக்கிறது.

நாசா விண்வெளி வீரர்கள் ஓட்டியது நார்த்ராப் டி-38. பழைய போர் விமானத்தில் இருக்கை செருகியது இல்லை, பயிற்சிக்கென்றே வடிவமைத்து 1959-ல் பறந்தது. சரி, அதில் என்ன நடந்தது? 1964 அக்டோபரில் தியோடர் ஃப்ரீமன், வாத்து மோதி, தரைக்கு மிக அருகில் குதித்து இறந்தார். 1966 பிப்ரவரியில் எலியட் சீயும் சார்லஸ் பாஸெட்டும் செயின்ட் லூயிஸில் தாழ்ந்த மேகத்தில் இறங்க முயன்று, தாங்கள் பறக்கவிருந்த ஜெமினி-9 கலத்தைக் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் மேலேயே மோதி இறந்தார்கள். 1967 அக்டோபரில் கிளிஃப்டன் வில்லியம்ஸ், கட்டுப்பாட்டுப் பலகை சிக்கிக்கொண்டதால் இறந்தார். மூன்றே வருஷத்தில் நான்கு பேர். எல்லாம் டி-38-ல்.

ஆகவே, பயிற்சிக்கென்றே பிறந்த விமானம் இருந்தால் யாரும் சாகமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ராக்கெட்டில் ஏறுபவர்கள் ராக்கெட்டில் மட்டும் சாவதில்லை. கை பழக்கம் போகக்கூடாது என்று ஓட்டும் சின்ன ஜெட்டில், மேகமூட்டமான ஒரு சாதாரண நாளில் கூடச் சாகிறார்கள். இது இரண்டு நாட்டுக்கும் பொது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சீ, பாஸெட் எப்படி இறந்தார்கள் என்று யாராவது மர்ம வீடியோ போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஆலன் ஷெப்பர்ட் தலைமையில் ஒரு குழு விசாரித்தது. வானிலையையும் விமானியின் தவறையும் சொன்னது. அந்த முடிவோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கலாம், ஆனால் ஒத்துப்போகாமல் இருப்பதற்குக் கையில் ஒரு அறிக்கை இருக்கிறது. ககாரின் விஷயத்தில் 29 தொகுதி எழுதினார்கள். எழுதி, பூட்டினார்கள். முடிவின் சுருக்கத்தைப் படிக்கவே 43 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பூட்டியதற்குக் காரணம் பெரிய சதியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உலகின் முதல் விண்வெளி மனிதனை, மேகமூட்டமான நாளில், உயரம் காட்டாத ரேடாரை நம்பி, தொங்கும் டாங்க்கோடு, 1949-ல் அவசரத்துக்குச் செய்த பயிற்சி விமானத்தில் அனுப்பினோம் என்று எந்த அரசு வாய் திறந்து சொல்லும்? வெட்கமே போதும். இடத்தைக் காலியாக விட்டார்கள், அதில் பறக்கும் தட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

கேட்க வேண்டிய கேள்வி

'மர்ம மரணம்' என்ற தலைப்பில் எழுதுபவர்கள் மேல் என் உண்மையான குறை, அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது இல்லை. நிறைய பேர் நேர்மையாகத்தான் எழுதுகிறார்கள். குறை என்னவென்றால், தூண்டிய கணத்தைக் கண்டுபிடித்தால் எல்லாம் புரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். நாளைக்கே ஒரு கோப்பு வெளியே வந்து, சுகோய்தான் காரணம் என்று சந்தேகத்துக்கிடமின்றி நிரூபித்தாலும், அந்த 2 விநாடி ஏன் இல்லாமல் போனது என்பதற்கு அதில் பதில் இருக்காது. அந்தப் பதில் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. எரிபொருள் டாங்க்கை எடுத்துவிட்டு இருக்கை வைத்த வரைபடத்தில், மிக்-17-க்கு இரட்டை இருக்கை வேண்டாம் என்று விட்ட முடிவில், பழைய வானிலைத் தாளில், வேலை செய்யாத ரேடாரில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூடிஐயில் இறந்த ஒரு பெயரைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. அன்று அதே விமானத்தில் இருந்த செரியோகினின் பெயரே பல கட்டுரைகளில் வருவதில்லை, 'பயிற்றுநர் ஒருவரும் இறந்தார்' என்று முடித்துவிடுவார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் பறந்த ஒரு விமானம், பல தலைமுறை விமானிகளுக்கு ஜெட் கற்றுக்கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் பத்திரமாகத் தரையிறங்கி, வேறு பெரிய விமானங்களுக்குப் போனார்கள். சிலர் இறங்கவில்லை. அவர்கள் ககாரின் இல்லை என்பதால் அவர்களுக்குப் பலூன் கதையும் இல்லை, சுகோய் கதையும் இல்லை.

அடுத்த தடவை ககாரின் மரணம் பற்றி ஒரு வீடியோ கண்ணில் பட்டால், அதில் 'இரண்டு இருக்கை' என்ற சொல் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லை என்றால், மிச்சத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.